ஜாவாவின் எஃப்எஃப்எம் ஏபிஐ: மைகார்ட் ரீடரோடு இணைத்துப் பார்த்த மதிப்பாய்வு

கோலாலம்பூரில் கிளினிக், கூட்டுறவுச் சங்கம், தொலைபேசிக் கடை என்று பல கவுண்டர்களில் மலேசிய அடையாள அட்டையான மைகார்டைச் செருகும் யூஎஸ்பி ரீடர் ஒன்று மேசையில் இருக்கும். அதோடு வரும் எஸ்டிகே (விற்பனையாளர் தரும் மென்பொருள் கருவித்தொகுப்பு) பெரும்பாலும் சி மொழியில் எழுதிய நூலகம். பின்னால் ஓடும் மென்பொருள் ஜாவா என்றால் இரண்டையும் இணைக்க ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தில் அதிகம் இடறிவிடுவது நல், அதாவது ‘மதிப்பே இல்லை’ என்ற குறி. முகவரியின் மூன்றாவது வரி காலியாக இருக்கும் அட்டையைச் செருகியதும் எந்த எக்ஸெப்ஷனும் காட்டாமல் புரோகிராம் அப்படியே மூடிக்கொள்கிறதா? முதல் சந்தேகத்தை அங்கே வையுங்கள்.

இந்தப் பாலத்தைக் கட்டப் பல ஆண்டுகளாக இருந்த வழி ஜேஎன்ஐ, அதாவது ஜாவாவும் சியும் ஒன்றையொன்று அழைக்க உதவும் பழைய இடைமுகம். அதற்கு மாற்றாக ஓபன்ஜேடிகே தந்திருப்பது எஃப்எஃப்எம் (ஃபாரின் ஃபங்ஷன் அண்ட் மெமரி) ஏபிஐ. ஜெப் 454 என்ற மேம்பாட்டு முன்மொழிவு வழியாக 2024 மார்ச்சில் ஜாவா 22-இல் இது நிலைபெற்றது. தனியாக விலை இல்லை, ஜாவாவின் உருவாக்கத் தொகுப்பான ஜேடிகேயோடு வருகிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பில்தான் வேலை செய்வோம் என்பவர்களுக்கு ஜாவா 25 இருக்கிறது. வேகம், எழுதும் வசதி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நல் விஷயத்தில் இது எவ்வளவு காப்பாற்றுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் பழையது எப்படி என்று பார்த்துவிடலாம். ஜேஎன்ஐயில் ஜாவாவின் நல், சி பக்கம் போகும்போது அப்படியே நல் பாயிண்டராகிறது (பாயிண்டர் என்பது நினைவக முகவரியைச் சுட்டும் மதிப்பு, நல் என்றால் எதையும் சுட்டாதது). கேட்க எளிமைதான், ஆனால் ஜேஎன்ஐ செயல்பாடுகள் தமக்கு வரும் மதிப்பைச் சரிபார்க்கும் கட்டாயம் இல்லை. கெட்ஸ்ட்ரிங்யூடிஎஃப்சார்ஸுக்கோ கெட்அரேலெங்த்துக்கோ நல்லைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு விதிமுறையில் உத்தரவாதம் கிடையாது. ஓபன்ஜேடிகேயின் ஜேவிஎம்மான (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) ஹாட்ஸ்பாட்டில் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை, வந்து ஜேவிஎம் சாகும். அது விட்டுச்செல்லும் எச்எஸ்-எர் என்ற பிழைப்பதிவுக் கோப்பில் பழுதான முகவரி 0 என்றோ, 0-வை ஒட்டிய சின்ன எண் என்றோ இருந்தால் நல் என்று தீர்மானித்துவிடலாம். 0 இல்லாமல் 24 என்பதுபோல் இருந்தால், நல் பாயிண்டர் வழியாக ஒரு ஸ்ட்ரக்டின் உள்ளே இருக்கும் புலத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எதிர்த் திசையில் குழப்பம் இன்னும் ஆழம். ஃபைன்ட்கிளாஸ் நல் தந்தால் கூடவே ஓர் எக்ஸெப்ஷன் நிலுவையில் நிற்கிறது. கால்ஆப்ஜெக்ட்மெத்தட் நல் தந்தால், அந்த மெத்தட் உண்மையிலேயே நல்லைத் திருப்பியிருக்கலாம், அல்லது எக்ஸெப்ஷன் எறிந்திருக்கலாம். எக்ஸெப்ஷன்செக் போட்டுப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. பார்க்காமல் அடுத்த ஜேஎன்ஐ அழைப்புக்குப் போனால், பிழை ஓரிடத்திலும் சாவு வேறிடத்திலும் நடக்கும். பழைய ஜேஎன்ஐ நிரலைப் பராமரிப்பவர்கள் சோதனைச் சூழலிலாவது ஜேவிஎம்மை எக்ஸ்செக்:ஜேஎன்ஐ விருப்பத்தோடு ஓட்ட வேண்டும். வேகம் குறையும். ஆனால் எக்ஸெப்ஷனைச் சரிபார்க்காமல் தாண்டிய ஒவ்வொரு அழைப்பையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது எஃப்எஃப்எம். ரீடரோடு பேச, ஸ்மார்ட்கார்ட் ரீடர்களுக்கான பொது இடைமுகமான பிசி/எஸ்சி: லினக்ஸில் பிசிஎஸ்சி-லைட், விண்டோஸில் அதன் இன்னொரு வடிவம். (ரீடரோடு பேசுவது மட்டும்தான் தேவை என்றால் ஜாவாவிலேயே ஸ்மார்ட்கார்ட்ஐஓ தொகுப்பு இருக்கிறது, இந்த வேலையே வேண்டாம். விற்பனையாளரின் எஸ்டிகேயையும் சேர்த்து இணைக்க வேண்டியவர்களுக்குத்தான் இது.) சோதிக்கப் பிசி/எஸ்சி நல்ல களம், ஏனென்றால் அது நல்லைப் பிழையாகப் பார்ப்பதில்லை. பல இடங்களில் வேண்டுமென்றே கேட்கிறது. எஸ்கார்ட்எஸ்டாப்ளிஷ்கான்டெக்ஸ்டின் இரண்டாவது, மூன்றாவது வாதங்கள் ஒதுக்கப்பட்டவை, இரண்டுக்கும் நல்தான் தர வேண்டும். எஸ்கார்ட்லிஸ்ட்ரீடர்ஸில் குழுவின் இடத்தில் நல் என்றால் எல்லா ரீடர்களும் என்று பொருள். பஃபரின் இடத்தில் நல் என்றால், பட்டியலை எழுதாமல் எத்தனை பைட் வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

இங்கே ஜாவாவின் நல்லைக் கொடுத்தால் எஃப்எஃப்எம் ஏற்காது. மெமரிசெக்மென்ட்.நல் என்ற தனிப் பொருளைத்தான் கொடுக்க வேண்டும். அது முகவரி 0, நீளம் 0 கொண்ட ஒரு செக்மென்ட், அதாவது நினைவகத் துண்டைக் குறிக்கும் பொருள். மறந்துபோய் ஜாவா நல்லை அனுப்பினால் நல்பாயிண்டர்எக்ஸெப்ஷன் வரும், சி நூலகம் வரை போகவே போகாது. சி செயல்பாட்டை அழைக்கும் இன்வோக்எக்ஸாக்டில் நல் என்ற சொல்லையே நேராக எழுதினால் இன்னும் முன்பே, வாத வகை பொருந்தவில்லை என்று ராங்மெத்தட்டைப்எக்ஸெப்ஷன் வந்து நிற்கும். அந்தச் சொல்லைக் கம்பைலர் வாய்ட் வகை என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். செய்தியைப் பார்த்தால் நல்லுக்கும் அதற்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும், அதில் அரை நாள் போகும். ஆனாலும் இந்த முடிவைப் பாராட்ட வேண்டும். தெரியாமல் வந்த நல்லையும் தெரிந்தே அனுப்பும் நல்லையும் ஜேஎன்ஐயால் பிரிக்க முடிந்ததில்லை. இது பிரிக்கிறது.

நூலகத்தைத் தேடுவதும் அப்படியே. சிம்பல்லுக்அப்பின் ஃபைன்ட் மெத்தட் நல் தராது, ஆப்ஷனல் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் பெட்டி) தருகிறது. ஜாவா 23 முதல் ஃபைன்ட்ஆர்த்ரோ வேறு இருக்கிறது. உபுண்டுவில் கோப்பின் பெயரை லிப்பிசிஎஸ்சிலைட்.எஸ்ஓ.1 என்று கடைசி எண்ணோடு கொடுங்கள். எண் இல்லாத பெயர் டெவ் தொகுப்பை நிறுவினால்தான் வரும், கவுண்டர் கணினியில் அது இருக்காது.

திரும்பி வரும் பாயிண்டரில்தான் ஏபிஐ ஆளைக் கவிழ்க்கிறது. எஸ்டிகேயின் ஒரு செயல்பாடு, முகவரி மூன்றாம் வரி இல்லாதபோது நல் பாயிண்டரைத் திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா பக்கம் வருவது நல் இல்லை. முகவரி 0 கொண்ட, நீளம் 0 கொண்ட ஒரு மெமரிசெக்மென்ட் பொருள். ஜேஎன்ஐயில் பழகிய கை தானாகவே ‘நல்லுக்குச் சமமா’ என்று எழுதும். அந்த நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது. மெமரிசெக்மென்ட்.நல்லோடு இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடுவதையும் நம்பாதீர்கள், வந்தது வேறொரு பொருளாக இருக்கும். நம்பக்கூடிய எளிய வழி: அட்ரஸ் மெத்தடை அழைத்து 0-வா என்று பாருங்கள்.

சோதனை மறந்துபோனாலும் இதுவரை ஆபத்தில்லை. நீளம் 0 என்பதால் எந்தப் பைட்டைத் தொட்டாலும் இண்டெக்ஸ்அவுட்ஆஃப்பவுண்ட்ஸ்எக்ஸெப்ஷன். ஜேவிஎம் உயிரோடு இருக்கும், லாகில் வரி எண் கிடைக்கும். ஜேஎன்ஐயோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் நீளம் 0 என்பது நல் இல்லாத, செல்லுபடியாகும் பாயிண்டருக்கும் பொருந்தும், ஏனென்றால் சி எவ்வளவு இடம் என்று சொல்வதில்லை. படிக்க வேண்டுமானால் ரீஇன்டர்ப்ரெட் போட்டு நீளத்தை நாமே தர வேண்டும். அந்த வரியைத் தாண்டியதும் பாதுகாப்பும் போய்விடுகிறது. முகவரி 0-வில் 256 பைட் இருக்கிறது என்று நாம் சொன்னால் ரீஇன்டர்ப்ரெட் மறுக்காது. அடுத்து கெட்ஸ்ட்ரிங் அழைத்ததும் ஜேவிஎம் விழும், பழைய ஜேஎன்ஐ விழுந்த அதே வீழ்ச்சி. இதைவிட மறைவானது வித்டார்கெட்லேஅவுட். பாயிண்டர் எதைச் சுட்டுகிறது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் திரும்பி வரும் செக்மென்ட் தயாராக நீளத்தோடு வரும், நல்லாக இருந்தாலும். ரீஇன்டர்ப்ரெட் என்ற எச்சரிக்கைச் சொல்கூட நிரலில் தெரியாது.

ஆகவே பாதுகாப்பான வழக்கம் இதுதான். பாயிண்டர் திருப்பும் செயல்பாடுகளுக்கு வெறும் அட்ரஸ் லேஅவுட் மட்டும் கொடுங்கள். ஒரு பாலக் கிளாஸ் எழுதி, அதில் ஒரே ஒரு துணை மெத்தட் வையுங்கள். முதல் வரியில் அட்ரஸ் 0 என்றால் ஜாவா நல்லைத் திருப்பு, அல்லது ஆப்ஷனலின் எம்ப்டியை. அடுத்த வரியில் மட்டும் ரீஇன்டர்ப்ரெட், அதன் மேல் கெட்ஸ்ட்ரிங். வேறு எந்தக் கிளாஸிலும் ரீஇன்டர்ப்ரெட் என்ற சொல்லே இருக்கக் கூடாது, ரிவியூவில் தேடிப் பிடிக்க எளிது. நீளத்துக்கு லாங்கின் உச்ச மதிப்பைப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. விட்டுவிடுங்கள். எஸ்டிகே ஆவணம் சொல்லும் புல நீளத்தைப் போட்டால், முடிவில் பூஜ்ய பைட் இல்லாத கெட்ட தரவு வந்தால்கூட எக்ஸெப்ஷனோடு போய்விடும்.

பூஜ்ய பைட் என்றதும் இன்னொன்று. எஸ்கார்ட்லிஸ்ட்ரீடர்ஸ் தரும் பட்டியலில் ரீடர்களின் பெயர்கள் பூஜ்ய பைட்டால் பிரிக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக வரும், முடிவில் கூடுதலாக ஒரு பூஜ்ய பைட். கெட்ஸ்ட்ரிங் முதல் பூஜ்யத்தில் நின்றுவிடும். ஒரே ரீடர் உள்ள மேசையில் எல்லாம் சரியாக இருக்கும், இரண்டு ரீடர் வைத்த கிளையிலிருந்து புகார் வரும். ஒவ்வொரு பெயரின் பைட் நீளத்தோடு 1 கூட்டி ஆஃப்செட்டை நகர்த்தி, வெற்றுப் பெயர் வரும்வரை படிக்க வேண்டும். பெயரின் எழுத்து எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீடே 3 பைட். ஜாவாவிலிருந்து அனுப்பும் சரத்தின் நடுவில் பூஜ்ய எழுத்து இருந்தாலும் இதே கதை: அலொகேட்ஃப்ரம் அதை அப்படியே நகலெடுக்கும், சி பக்கம் பாதியோடு நிறுத்திக்கொள்ளும்.

படிப்பதற்கு முன் திருப்பு எண்ணைப் பாருங்கள். ரீடரே செருகப்படவில்லை என்றால் பிசி/எஸ்சி நல்லையோ வெற்றுப் பட்டியலையோ தராது, அதற்கென்று ஒரு பிழைக் குறியீடு இருக்கிறது. பிசிஎஸ்சிடி சேவை ஓடவில்லை என்பதற்கு வேறொன்று. பிசி/எஸ்சி எண்களின் அகலமும் ஒரு பொறி. டிவேர்ட் என்ற எண் வகை விண்டோஸில் 4 பைட், 64-பிட் லினக்ஸில் பிசிஎஸ்சி-லைட்டில் 8 பைட். விண்டோஸுக்கு எழுதிய ஜாவா_இன்ட் லேஅவுட்டை லினக்ஸில் வைத்தால், 4 பைட் ஒதுக்கிய இடத்தில் நூலகம் 8 பைட் எழுதிவிடும்.

மன்னிக்கவே மன்னிக்காத இடம் அப்கால், அதாவது சி பக்கம் ஜாவாவை அழைப்பது. அட்டை செருகப்பட்டதும் எஸ்டிகே நம் ஜாவா மெத்தடை அழைக்கிறது, ஏதோ ஒரு வாதம் நல், அதன்மேல் நாம் எதையோ செய்து எக்ஸெப்ஷன் கிளம்புகிறது. அப்கால் மெத்தடை விட்டு எக்ஸெப்ஷன் வெளியேறினால் ஜேவிஎம் முழுவதும் நிறுத்தப்படும். ஏபிஐ ஆவணமே அப்படித்தான் சொல்கிறது. ஒரு சாதாரண நல்பாயிண்டர்எக்ஸெப்ஷன் கவுண்டரையே மூடிவிடும். ஒவ்வொரு அப்கால் உடலையும் த்ரோயபிளைப் பிடிக்கும் ட்ரை-கேட்சுக்குள் முழுதாக வையுங்கள், உள்ளே லாக் எழுதிப் பிழை எண்ணைத் திருப்புங்கள். ஜேஎன்ஐயில் எக்ஸெப்ஷன் நிலுவையில் நிற்கும், சி பக்கம் அதைத் துடைத்துவிட்டுத் தொடரலாம். இங்கே அந்த வசதி இல்லை.

நல் சோதனை தடுக்காத ஒன்றையும் சொல்லிவிடலாம். எஸ்டிகே தன் பஃபரை விடுவித்த பிறகும் நம்மிடம் உள்ள பாயிண்டரின் முகவரி 0 ஆவதில்லை. அட்ரஸ் சோதனை தேறும், படித்தால் குப்பை வரும். நாம் அரீனாவில் (ஒதுக்கிய நினைவகத்தின் ஆயுளைக் கட்டுப்படுத்தும் எஃப்எஃப்எம் பொருள்) ஒதுக்கியது என்றால் மூடிய பின் தொட்டதும் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் வந்து காப்பாற்றும். எஸ்டிகே ஒதுக்கியதற்கு அந்தக் காப்பு இல்லை. கிடைத்ததும் சரமாக, பைட் அரேயாக நகலெடுத்துவிட்டுப் பாயிண்டரை மறந்துவிடுங்கள்.

சி நூலகங்களை ஜாவாவிலிருந்து அழைக்க உதவும் தனி நூலகமான ஜேஎன்ஏவோடு ஒப்பிடாமல் விட முடியாது. அதில் நல் பாயிண்டர் ஜாவா நல்லாகவே வரும், நல் சரம் நல் சரமாகவே போகும். நல் விஷயத்தில் மட்டும் மதிப்பெண் போட்டால் ஜேஎன்ஏ முன்னால் நிற்கும். அழைப்பு ஒவ்வொன்றும் மெதுவானது. ஆனால் மனிதர் அட்டையைச் செருகிக் காத்திருக்கும் கவுண்டரில் அந்த வேறுபாடு யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜாவா 8, 11, 17-இல் நிற்கும் திட்டங்களுக்கு இன்றும் அதுவே சரியான தேர்வு. ஜாவா 22-க்கு மேல் புதிதாகத் தொடங்குபவர்கள் எஃப்எஃப்எம் எடுக்கலாம், மேலே சொன்ன பாலக் கிளாஸ் இருக்கும் பட்சத்தில். அது இல்லாமல் ரீஇன்டர்ப்ரெட்டை நிரல் முழுக்கத் தூவி எழுதுவதாக இருந்தால் ஜேஎன்ஐயை விட்டு வந்ததில் பெரிய லாபமில்லை. ஓட்டும்போது எனேபிள்-நேட்டிவ்-ஆக்சஸ் விருப்பத்தைச் சேர்க்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் எச்சரிக்கை வரும். ஜாவா 24 முதல் ஜேஎன்ஐக்கும் அதே எச்சரிக்கைதான்.

ஆண்ட்ராய்டு முனையங்களில் எஃப்எஃப்எம் கிடையாது, அங்கே வழக்கமான வழி ஜேஎன்ஐ. ஆண்ட்ராய்டின் இயக்குசூழலான ஆர்ட், ஹாட்ஸ்பாட்டைவிடக் கொஞ்சம் கருணை உள்ளது. பல செயல்பாடுகளுக்கு நல் போனால் எந்த வாதம் நல், எந்த அழைப்பில் என்று லாக்கேட் பதிவில் எழுதிவிட்டு அபார்ட் செய்கிறது. டீபக்கபிள் பில்டில், ஜேஎன்ஐ அழைப்புகளைச் சரிபார்க்கும் செக்ஜேஎன்ஐ தானாக இயங்கும். கோட்லின் எழுதுபவர்கள் எக்ஸ்டெர்னல் ஃபன்னின் திருப்பு வகையைக் கேள்விக்குறி இல்லாத ஸ்ட்ரிங் என்று அறிவிக்காதீர்கள். கம்பைலர் உங்கள் சொல்லை அப்படியே நம்பும், அழைத்த இடத்தில் சோதனை வைக்காது. சி அனுப்பிய நல், நல்லே வராது என்று அறிவித்த வேரியபிளில் உட்கார்ந்து, எங்கோ தொலைவில் ஒரு திரையை வரையும்போது வெடிக்கும். கேள்விக்குறியைப் போட்டு, பெறும் இடத்திலேயே வெற்றுச் சரமா, பிழையா என்று முடிவெடுங்கள்.