ராணியா, ஒற்றை யானையா: எந்த மேட்டை முதலில் பழகுவது?

செஸ் சொல்லித்தரும் பலரும், ராஜாவும் ராணியும் சேர்ந்து தனி ராஜாவை மடக்குவதில்தான், அதாவது தப்ப வழியில்லாத செக்கான மேட் வைப்பதில்தான், தொடங்குகிறார்கள். சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் பெரும்பாலும் ராணிதான் வரும். அதனால் நிஜ ஆட்டத்தில் அதிகம் கைகொடுப்பது இதுதான். சரியாக ஆடினால் அதிகபட்சம் 10 நகர்த்தலில் மேட். யானைக்கு 16 வரை போகலாம்.

ராணிக்கு எளிய வழி ஒன்று உண்டு. எதிராளி ராஜாவிலிருந்து குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியை வைத்து, அது நகரும் பக்கமே நகர்த்திக்கொண்டு போனால் போதும், ராஜா தானாக ஓரத்துக்கு ஒதுங்கும். ஆபத்து மூலையில்தான். ராஜா ஏ8-க்குப் போனதும் பழக்கதோஷத்தில் ராணியை பி6-க்கோ சி7-க்கோ கொண்டுபோனால் ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆனால் நகரக் கட்டமும் இல்லை), ஆட்டம் டிரா. அதற்குப் பதில் ராணியை டி7-ல் நிறுத்திவிடுங்கள். அந்த ராஜா ஏ8, பி8 என இரண்டே கட்டத்துக்குள் அலையும். உங்கள் ராஜாவை நிதானமாக சி6-க்குக் கொண்டுவந்து, ராணியை பி7-ல் வைத்தால் மேட்.

யானை மேட்டில் ஸ்டேல்மேட் பயம் குறைவு, உழைப்பு அதிகம். யானையால் தனியாக ஒன்றும் ஆகாது, ராஜா கூடவே வர வேண்டும். உங்கள் ராஜா எஃப்6, யானை ஏ7, எதிராளி ராஜா ஜி8, நகர்த்த வேண்டியது நீங்கள் என்று வையுங்கள். செக் வைக்கத்தான் கை துடிக்கும். வைக்காதீர்கள். யானையை பி7-க்குச் சும்மா ஒரு கட்டம் தள்ளுங்கள். அவர் எஃப்8-க்கு வந்தால் ராஜாக்கள் நேருக்கு நேர்; யானை பி8, மேட். எச்8-க்குப் போனால் உங்கள் ராஜா ஜி6-க்கு வரட்டும். அவர் ஜி8-க்குத் திரும்பியே ஆக வேண்டும், அப்போது பி8-ல் மேட். காத்திருந்து அடிக்கும் இந்த ஒரு நகர்த்தலுக்காகவே யானை மேட்டை நான் ஒரு படி மேலே வைப்பேன். ராஜாவை முன்னே கொண்டுவந்து சண்டை போட வைக்கும் பழக்கம், ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் சிப்பாய் எண்டுகேமிலும் அப்படியே உதவும்.

ஆகவே, போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் என்றால் ராணி மேட். நேரம் இருந்தால் முதலில் யானை. ராணி மேட் அப்புறம் ஒரே மாலையில் வந்துவிடும். இரண்டு யானை மேட்டுக்குத் தனிப் பாடமே வேண்டாம், மாறி மாறி செக் வைத்துத் தள்ளிக்கொண்டே போகலாம்.

பிஷப்பும் குதிரையும் சேர்ந்த மேட்டை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அதற்கு 33 நகர்த்தல் வரை ஆகும், 50 நகர்த்தல் விதி (வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம்) கழுத்தில் நிற்கும். 2013-ல் ஜெனீவாவில், அப்போதைய பெண்கள் உலக சாம்பியன் அன்னா உஷெனினாவே ஓல்கா கிர்யாவுக்கு எதிராக அதை முடிக்க முடியாமல் டிரா செய்தார்.