பேக்கப் எந்த சர்வருக்குப் போகிறது: ஐபி, டிஎன்எஸ், டிஎஃப்எஸ் – ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரியில் தலைமை அலுவலகமும் தருமபுரியில் கிளையும் கொண்ட ஒரு மாம்பழக்கூழ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஊருக்கொரு பேக்கப் சர்வர் (கோப்புகளின் நகலைச் சேமித்துவைக்கும் கணினி) இருக்கிறது. பயனரின் கணினி இரவில் தன் கோப்புகளை எந்த சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வியை, நகலிலிருந்து கோப்புகளை மீட்க (ரீஸ்டோர் செய்ய) வேண்டிய நாள் வரும்வரை யாரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு கணினியிலும் சர்வரின் ஐபி முகவரியை (பிணையத்தில் அதன் எண் முகவரியை) நேரடியாக எழுதிவைப்பது முதல் வழி. கோளாறு வந்தால் தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் சர்வரை மாற்றும் நாளில் அத்தனை கணினிகளையும் திருத்த வேண்டும். ஐபி வழியாக இணையும்போது விண்டோஸ் இயல்பாக கெர்பரோஸ் என்ற வலுவான அடையாளச் சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்தாமல் என்டிஎல்எம் என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும் என்பதும் ஒரு குறை. நாலைந்து கணினிகளுக்கு மேல் இது ஒத்துவராது.

இரண்டாவது வழி டிஎன்எஸ், அதாவது ஒரு பெயரைக் கொடுத்து அதற்குரிய ஐபி முகவரியைக் கேட்டறியும் முறை. இதில் இரண்டு வகை உண்டு. ஊருக்கொரு பெயர் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே சர்வருக்குக் காட்டுவது பாதுகாப்பானது. ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகளைக் கொடுத்து ரவுண்ட் ராபினுக்கு (அவற்றை மாறிமாறித் தரும் முறைக்கு) விடுவது பேக்கப்புக்குப் பொருந்தவே பொருந்தாது. ரவுண்ட் ராபின் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை; அதைவிடப் பெரிய ஆபத்து, திங்கள்கிழமை எடுத்த முழு நகல் ஒரு சர்வரிலும், செவ்வாய்க்கிழமை எடுத்த மாற்றங்கள் மட்டுமான நகல் இன்னொன்றிலும் போய் உட்கார்ந்துவிடும் என்பதுதான். இணையதளத்துக்கு எந்த சர்வர் பதில் சொன்னாலும் ஒன்றே. பேக்கப்புக்கு நேற்றைய சர்வரே இன்றும் வேண்டும்.

டிஎன்எஸ் கோளாறைத் தேடும்போது என்எஸ்லுக்அப் என்ற கட்டளையை மட்டும் நம்பக் கூடாது. அது டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்பதால், கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (பெயருக்கு முகவரியைக் கையால் எழுதிவைக்கும் கோப்பில்) யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய வரியையும், உள்ளே தேங்கியிருக்கும் கேஷையும் (முன்பு கிடைத்த பதில்களின் தற்காலிகச் சேமிப்பையும்) பார்ப்பதில்லை. பிங் கட்டளை கொடுத்தால் அவையும் சேர்ந்து வரும். இரண்டும் வெவ்வேறு முகவரியைச் சொன்னால் பிழை அந்தக் கணினியிலேயே இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெயரைத் திருத்திய பிறகும், ஏற்கெனவே திறந்திருக்கும் எஸ்எம்பி (விண்டோஸ் கோப்புப் பகிர்வு) இணைப்பு பழைய சர்வரையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழியான டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ், பல சர்வர்களில் உள்ள கோப்புறைகளை ஒரே பாதையின் கீழ் காட்டும் விண்டோஸ் வசதி; இந்த மூன்றில் மிகவும் புத்திசாலியானது. அதனாலேயே அதன் தவறுகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. கணினியின் ஐபி எந்த சப்நெட்டில் (முகவரித் தொகுப்பில்) விழுகிறது, அந்த சப்நெட் ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனக் கணினிகளையும் பயனர்களையும் பதிந்துவைக்கும் விண்டோஸ் அமைப்பில்) எந்த சைட்டோடு, அதாவது எந்த ஊரோடு, சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, அருகிலுள்ள சர்வரை அது முதலில் காட்டும். தருமபுரிக் கிளையில் கணக்குப் பிரிவுக்கெனப் புதிய விலேன் (தனியாகப் பிரித்த பிணையம்) போட்டு, அதன் சப்நெட்டை சைட்டில் சேர்க்க மறந்துவிட்டால், அந்தக் கணினிகளுக்கு எது அருகில் என்று டிஎஃப்எஸ்ஸுக்குத் தெரியாது; பக்கத்து அறையில் சர்வர் இருந்தும் நகல் கிருஷ்ணகிரிக்குப் போகலாம். வெளியில் தெரியும் அறிகுறி இரவு பேக்கப் காலையிலும் முடியாமல் ஓடுவது மட்டுமே என்பதால், பழி இணைய இணைப்பின் மேல் விழும். கணினியில் ‘என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்சைட்’ கொடுத்து 1919 என்ற பிழை வந்தால் அதற்கு சைட் இல்லை என்று பொருள். டொமைன் கன்ட்ரோலரிலும் (ஆக்டிவ் டைரக்டரி இயங்கும் சர்வரிலும்) 5807 என்ற எண்ணில் எச்சரிக்கை பதிவாகியிருக்கும். திருத்திய பின் உடனே பலன் தெரியாது. கோப்புறைக்கான ரெஃபரல் (எந்த சர்வருக்குப் போவது என்று டிஎஃப்எஸ் சொன்ன பதில்) இயல்பாக 1,800 விநாடிகள் கேஷில் நிற்கும்.

கிளைக்கும் தலைமைக்கும் லேப்டாப்போடு போய்வரும் விற்பனைப் பிரிவினருக்கு டிஎஃப்எஸ் இன்னொரு தொல்லை தரும். அன்றைக்கு இருக்கும் ஊரின் சர்வரையே அது காட்டுவதால் நகல் இரண்டாகச் சிதறும். அவர்களுக்கு ஒரே இலக்கு உள்ள தனிக் கோப்புறைதான் தீர்வு.

சப்நெட் பட்டியலைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இருந்தால் டிஎஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு ஊர், ஐம்பது அறுபது கணினி என்ற அளவில் நான் பரிந்துரைப்பது, ஊருக்கொரு டிஎன்எஸ் பெயரை வைத்து, எந்தக் கணினிக்கு எந்தப் பெயர் என்பதை குரூப் பாலிசியில் (கணினிகளின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து தீர்மானிக்கும் வசதியில்) எழுதிவைப்பதையே. சர்வர் விழுந்தால் அன்றைய பேக்கப் தோல்வி என்று பதிவாகும், காலையில் யாராவது அதைப் பார்ப்பார்கள்; சத்தமில்லாமல் வேறு ஊருக்குப் போன நகலை யாரும் தேடமாட்டார்கள்.