9900 போலி என்று எச்சரித்தவரே என் 12,000-ஐச் சுருட்டினார்: 18650 செல் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், நடை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 18650 என்கிற, லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் உருளை வடிவ லித்தியம் அயான் செல் வாங்கியதில் 12,000 ரூபாய் போய்விட்டது. பாதி கூடத் திரும்பி வரவில்லை, முழு 12,000-மும் போச்சு. செல் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விற்றது, பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஓர் இணையக் கடை. பெயர் போடவில்லை. போட்டால் இந்தப் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள், அதில் கில்லாடிகள்.

மின்சாரம் போனால் ரவுட்டர், ஒரு கேமரா, சில எல்.ஈ.டி. பட்டைகள் எல்லாம் தொடர்ந்து ஓட ஒரு பேட்டரி பேக் செய்ய நினைத்தேன். மொத்த லோடு 40 வாட். தொடரில் மூன்று, இணையில் இருபது என்று 60 செல் போட்டால், செல்லுக்கு 3400 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது செல்லின் கொள்ளளவு) கணக்கில் 68 ஆம்பியர் ஹவர் கிடைக்கும். தொடரில் உள்ள மூன்று செல்லின் 10.8 வோல்ட்டால் பெருக்கினால் 734 வாட் ஹவர். கன்வெர்ட்டரில் போகிற நஷ்டத்தைக் கழித்தாலும் 15 மணி நேரம் தாராளமாக ஓட வேண்டும். கணக்கு சரிதான். இப்போதும் சரிதான்.

அந்தக் கடையின் அரட்டைப் பெட்டியில் ஒருவர் பேசினார். எடுத்த எடுப்பில் அவர் விலை பேசவே இல்லை. "சார், என்ன லோடு ஓட்டப் போறீங்க? பீக் கரண்ட் எவ்வளவு? பிஎம்எஸ் காமன் போர்ட்டா, செப்பரேட் போர்ட்டா?" என்று கேட்டார். (பிஎம்எஸ் என்பது பேக்கைப் பாதுகாக்கும் சர்க்யூட். சார்ஜுக்கும் லோடுக்கும் ஒரே இணைப்பா, தனித்தனியா என்பதுதான் கேள்வி.) செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் நிக்கல் பட்டை வாங்கும்போது மேலே நிக்கல் முலாம் பூசிய இரும்பைத் தலையில் கட்டிவிடுவார்கள், காந்தம் இரண்டிலுமே ஒட்டும், அதனால் பட்டையைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், துரு பிடித்தால் இரும்பு என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதில் நிற்கிறது:

"9900 போட்டிருந்தா வாங்கவே வாங்காதீங்க சார். அதெல்லாம் ஃப்ராடு. 18650-ல அவ்வளவு வரவே வராது."

உண்மைதான். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் உள்ள ஒரு குழாய்க்குள் எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவுதான் அடைக்க முடியும். பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்கள் 3500 எம்.ஏ.எச்.-ஐ ஒட்டி நின்றுவிடும். 6000, 9900 என்று அச்சடித்து வருவதெல்லாம் ஏமாற்று வேலை என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு விற்பனையாளரே வாய்விட்டுச் சொல்கிறார். நம்பாமல் என்ன செய்வது?

அப்படியும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மாதிரிக்கு நான்கு செல் வாங்கினேன். வந்தபோது நான்கும் 3.54 வோல்ட், கடைசி இலக்கத்தில்தான் வித்தியாசம். எடை 47 கிராம். முழுசாக 4.2 வரை ஏற்றி, அரை ஆம்பியரில் 2.8 வோல்ட் வரை இறக்கினால், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடின. 3350-க்குக் குறையவே இல்லை. தங்கமான செல். அதே செல், கடையில் அதே விற்பனைப் பக்கம், அதே இளஞ்சிவப்பு உறை. உடனே பேக்குக்கான 60 செல்லையும் மொத்தமாக ஆர்டர் செய்து, 12,000 கட்டினேன். "சேம் லாட் சார், கண்ணை மூடிட்டு வெல்டு பண்ணுங்க" என்று சிரிப்புப் பொம்மையோடு பதில் வேறு.

பெட்டி வந்தது. மல்டிமீட்டரை வைத்த முதல் நிமிடமே வயிறு கலங்கிவிட்டது. ஒன்று 3.9 வோல்ட். அடுத்தது 3.4. அதற்கடுத்தது 2.9. ஒரு செல் 1.6! ஒரே லாட்டில் ஆலையிலிருந்து நேராக வந்த புதுச் செல்கள் இப்படி ஆளுக்கொரு வோல்ட்டேஜ் காட்டவே காட்டாது. எடை போட்டால் சில 44 கிராம், சில 36. உள் மின்தடை பார்த்தேன். மாதிரிச் செல்கள் 40 மில்லி ஓமுக்குள் இருந்தன. இவை 110-க்குத் தொடங்கி 180 வரை போயின.

அதே அரை ஆம்பியர், அதே 2.8 வோல்ட். இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதும் கத்த ஆரம்பித்துவிட்டது டெஸ்டர். 1,100 எம்.ஏ.எச். கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன், எல்லாம் அந்த அளவிலேயேதான். சில செல்கள் 4.2 வரை ஏற்றி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் 4.0-க்கு இறங்கிக் கிடந்தன. இது குறைந்த கொள்ளளவைவிட மோசம். இப்படித் தானாகக் கசியும் ஒரு செல்லை இணையில் மற்ற பத்தொன்பதோடு சேர்த்தால், அது கூட இருப்பவற்றையும் ராத்திரி பகலாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த வரிசை மட்டும் சீக்கிரம் காலியாகி பிஎம்எஸ் மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். 15 மணி நேரத்துக்குப் போட்ட திட்டம் 5 மணி நேரம் வந்தால் அதிகம்.

சரி, தவறுதலாக வேறு பெட்டி வந்திருக்கும், மாற்றித் தருவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எவ்வளவு நல்ல மனிதர், நிக்கல் பட்டைக்கு உப்புத் தண்ணீர் சோதனை சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே!

முதல் பதில்: "சார், புது செல். அஞ்சு தடவை ஃபுல் சார்ஜ், ஃபுல் டிஸ்சார்ஜ் பண்ணுங்க, ஆக்டிவேட் ஆயிடும்." நிக்கல் காட்மியம் காலத்துக் கதை இது. லித்தியம் அயான் செல்லுக்கு அந்த முதல் சார்ஜ் வேலையெல்லாம் ஆலையிலேயே முடித்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். அந்த 1.6 வோல்ட் செல்லைப் பற்றிக் கேட்டதற்கு, "கம்மி கரண்ட்ல மெதுவா ஏத்துங்க சார், எழுந்துக்கும்" என்றார். இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லின் உள்ளே செப்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கலாம். திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். இது அவருக்குத் தெரியாதா? காமன் போர்ட், செப்பரேட் போர்ட் பேசியவருக்கு இது தெரியாதா? என் வீட்டில் தீப்பிடித்தாலும் பரவாயில்லை, ரீஃபண்ட் கேட்காமல் இருந்தால் போதும் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

இரண்டாவது பதில்: "உங்க டெஸ்டர் தப்பு." மாதிரிச் செல்லையும் இதே டெஸ்டரில்தானே போட்டேன் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

மூன்றாவதாக, உறைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு செல்லைப் பிரித்துப் படம் அனுப்பச் சொன்னார்கள். அவர்களே கேட்டார்கள், அந்த உரையாடல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையை மட்டும் நகத்தால் கிழித்து உரித்தேன். நெகட்டிவ் முனையின் அடியில் வட்டமாக அரம் போட்டுத் தேய்த்த கோடுகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோடுகளுக்கு நடுவே இரட்டைப் புள்ளியாக இரண்டு குழிகள். பழைய ஸ்பாட் வெல்டின் தடம், அதாவது முன்பே வேறு பேக்கில் பட்டை பற்றவைத்த அடையாளம். ஓரத்தில் முந்தைய உறையின் நீலத் துணுக்கு ஒன்று உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்முனையில் மட்டும் பளிச்சென்று புது வெள்ளைக் காகித வளையம். எங்கோ ஒரு பழைய லேப்டாப் பேட்டரியைப் பிய்த்து, தேய்த்து, புது உறை மாட்டி, 3400 என்று அச்சடித்து எனக்கு விற்றிருக்கிறார்கள். செத்த செல்லுக்குப் புதுச் சட்டை.

படம் அனுப்பினேன். வந்த பதிலைப் பாருங்கள்: "உறையைப் பிரித்துவிட்டதால் இந்தப் பொருளுக்கு வாரண்டி பொருந்தாது."

அவர்களே பிரிக்கச் சொல்லிவிட்டு!

பிரிக்காத செல்களையாவது திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். லித்தியம் செல் ஆபத்தான பொருள், வாடிக்கையாளர் அனுப்பக் கூடாது என்றார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் இன்னும் எரிச்சல். லித்தியம் அயான் செல்லுக்கு ஐ.நா. 3480 என்று ஆபத்துப் பொருள் எண் இருக்கிறது. தனியாக அனுப்பும்போது பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் தடை. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. இத்தனை விதியும் எனக்குத் தெரியும். 3.9 வோல்ட் செல்லை அதே பெட்டியில் வைத்து எனக்கு அனுப்பியபோது அவர்களுக்கு இந்த விதி ஞாபகம் வரவில்லையா?

அதற்குள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டதாம். ஏழு நாள். ஒரு செல்லை ஏற்றி இறக்க அரை நாளாவது ஆகும். நான்கு செல் பிடிக்கும் டெஸ்டரில் 60 செல் போட்டால் பதினைந்து சுற்று. அதாவது ராத்திரி தூங்காமல் மாற்றிக்கொண்டே இருந்தாலும் ஏழு நாளில் முடியாது. இந்த ஏழு நாள் எப்படிப்பட்ட கணக்கு என்று இப்போது புரிகிறதா?

கடைசியாக வந்தது ஒரு கூப்பன். அடுத்த ஆர்டரில் 5 சதவீதம் தள்ளுபடி. 12,000 போன இடத்தில் மறுபடியும் போய்ப் பணம் கட்டினால் 5 சதவீதம் மிச்சம்! நான் எழுதிய விமர்சனத்தை விதிமுறைக்கு மாறானது என்று நீக்கிவிட்டார்கள். அரட்டையில் என் எண்ணையும் ப்ளாக் செய்துவிட்டார்கள். அந்தப் பொருளின் பக்கத்தில் இன்னமும் ஐந்து நட்சத்திரம் ஜொலிக்கிறது. கூர்ந்து படித்தால் எல்லாமே நான்கு செல், இரண்டு செல் வாங்கியவர்கள். அவர்களுக்கு நல்ல செல்தான் போயிருக்கும். மொத்தமாக வாங்குகிறவன் தலையில்தான் மிளகாய் அரைக்கிறார்கள்.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். "பொருள் கிடைத்ததா?" என்று கேட்டார்கள். கிடைத்தது. "அப்புறம் என்ன சார்?" என்றார்கள். 1,100-க்கும் 3,400-க்கும் உள்ள வித்தியாசத்தை தொலைபேசியில் யாருக்குப் புரிய வைப்பது? 12,000-ஐக் கட்டியவனுக்குத்தான் அந்த வித்தியாசம் புரியும்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

மாதிரி நன்றாக இருந்தால் மொத்தமும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மொத்தமாக வாங்குவதையே ரிட்டர்ன் கெடுவுக்குள் சோதித்து முடிக்கிற அளவில் பிரித்துப் பிரித்து வாங்குங்கள். பெட்டி வந்ததும் முதல் வேலை எல்லாச் செல்லிலும் மல்டிமீட்டர் வைப்பது, அப்புறம் சமையலறைத் தராசு. இதற்கு அரை மணி நேரம் போதும், வோல்ட்டேஜ் கலந்துகட்டியாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் புகார் போடுங்கள், பெட்டி திறப்பதைப் படம் எடுத்து வையுங்கள். யார் கேட்டாலும் உறையைப் பிரிக்காதீர்கள், பிரித்தாலும் உலோகக் கூட்டில் கத்தி வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். சோதிக்காமல் வெல்டு செய்யாதீர்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே வந்த செல்லை யார் சொன்னாலும் ஏற்றாதீர்கள், முனைகளில் டேப் ஒட்டித் தனியே வைத்து மறுசுழற்சிக்குக் கொடுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

இணையில் சேர்க்கும்முன் செல்களை எப்படித் தரம் பிரிப்பது என்றும் எழுத நினைத்தேன். அப்புறம் பார்க்கலாம். சார்ஜரில் நான்கு செல் போட்டிருக்கிறேன், அதில் ஒன்று தொட்டால் சுடுகிறது. போய்க் கழற்ற வேண்டும்.