பிக்கப் தரை உக்கிவிட்டதா: வெல்டிங்கா, பைபரா?

முல்லைத்தீவுக் கரையில் உப்புக்காற்று, பரந்தன் பக்கம் வயல் சேறு. வன்னியில் ஓடும் பழைய பிக்கப்புகளுக்குக் கால்மிதிக்குக் கீழே தரை உக்குவது இதனால்தான்.

செலவு: பைபர் (ரெசின் பசை பூசி ஒட்டும் கண்ணாடி இழைத் துணி) மலிவு, வீட்டிலேயே செய்யலாம். வெல்டிங்குக்குத் தகரமும் கராஜ் கூலியும் சேரும்.

வேலை: பைபர் சீக்கிரம் இறுகிவிடும். வெல்டிங் என்றால் இருக்கை, விரிப்பு, பற்றரி வயர் எல்லாம் கழற்ற வேண்டும். கீழே எரிபொருள் குழாய் போகிறதா என்றும் பாருங்கள்.

பலம்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். பைபர் துருவை மூடும், நிறுத்தாது. ஓரத்தால் ஈரம் புகுந்தால் உள்ளே தின்றுகொண்டே போகும். மேலே பார்த்தால் தெரியாது. ஓட்டையைச் சுற்றி ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று உள்ளே இறங்கும் இடமெல்லாம் வெட்ட வேண்டியதுதான். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, 1.2 மி.மீ. தகரம் வைத்து வெல்ட் பண்ணி, பிரைமர் அடித்து, மூட்டுக்குச் சீலர் பூசினால் பல மாரி தாங்கும். நாகம் பூசிய கூரைத் தகரம் வேண்டாம், வெல்டிங் புகை கெடுதல்.

இருக்கை போல்ட், சீற் பெல்ட் பிடிமானம் அருகே என்றால் வெல்டிங் மட்டுமே. தட்டையான இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை, அடுத்த போகம் வரை ஓடினால் சரி என்பவருக்குப் பைபர் போதும்.