ஊசிக்கு ஐந்து நட்சத்திரம், வராந்தாவுக்கு இரண்டு: எங்கள் ஊர் துணை சுகாதார நிலையம்

பேத்திக்கு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. மருமகள் வேலைக்குப் போகிறவள் என்பதால் புதன்கிழமை தூக்கிக்கொண்டு போனது நான்தான். "டவுன் கிளினிக்கில் போட்டுவிடலாமே" என்றார் சம்பந்தியம்மா. அங்கே போடும் எம்.எம்.ஆர். ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துத் தடுப்பு உண்டு, அரசு ஊசியில் அது கிடையாது. தட்டம்மை என்கிற மணல்வாரிக்கு இரண்டுமே தடுப்புதான், இங்கே காசும் இல்லை.

நர்ஸம்மாவின் கைவேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐஸ் பெட்டியிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தவர், அதில் வட்டத்துக்குள் இருந்த சதுரத்தை, "நீங்களே பாருங்கம்மா" என்று காட்டினார். சதுரம் வெளிறி இருந்தால் மருந்து நல்லது. வெப்பம் பட்டு வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். உள்ளே இருப்பது தூள். கூட வரும் நீரை விட்டுக் கலக்கி, லேபிளில் மணியைக் குறித்தார். கலந்த மருந்து 4 மணி நேரத்துக்குத்தான், அப்புறம் மிச்சமிருந்தாலும் வீசிவிட வேண்டும். அந்த ஊசிக்கு அன்று எங்களோடு சேர்த்து இரண்டே குழந்தைகள். அதற்காக, "கூட்டம் சேரட்டும், அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பவில்லை, புதுப் புட்டியை உடைத்தார். சிரிஞ்சு ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை, மறுபடி இழுக்க வராது. வலது கையில் போட்டார். பேத்தி ஊசிக்குச் சிணுங்கியதோடு சரி, வைட்டமின் ஏ மருந்தை ஊட்டியபோதுதான் ஊரைக் கூட்டினாள்!

ஒரு வாரம், பத்து நாள் கழித்துக்கூட லேசான காய்ச்சலோ செம்புள்ளியோ வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். அடுத்த வாரம் உடம்பு சுட்டது, மறுநாளே தணிந்துவிட்டது.

குறை வராந்தாதான். காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்திருந்த ஒரு பையனும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அது மணல்வாரிதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மணல்வாரி காற்றில் பரவும் நோய். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி அங்கேயே நிற்கும். தடுப்பு இல்லாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை மாத ஊசிக்கு வந்த பச்சைக் குழந்தைகளும் அந்த வராந்தாவில்தான் காத்திருந்தார்கள், இந்த ஊசி போடும் வயதே அவர்களுக்கு இன்னும் வரவில்லை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். சரி, எங்கே உட்காருவது? பின்னால் ஒரு அறை பழைய கட்டிலோடு பூட்டிக் கிடக்கிறது. காய்ச்சல் பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிடலாமே என்று கேட்டேன். "சாவி என்கிட்ட இல்லம்மா" என்றார் நர்ஸம்மா. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் இதைப் படித்தால் நல்லது.

இரண்டாவது டோஸ் 16 மாதத்துக்கு மேல். அதற்கும் இங்கேதான் வருவேன். போகிறவர்கள் தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள், குழந்தைக்குக் கை தளர்ந்த சட்டையாகப் போட்டுவிடுங்கள்.