கூரைச் சோலரா, ஊருக்கு ஒரு பற்றறியா?

யாழ்ப்பாணத்தில் சோலர் பூட்ட நினைக்கிறவர்கள் கேட்பது, "கரண்ட் போனால் வீட்டில லைற் எரியுமோ?" என்றுதான். பற்றறி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்தது என்றால் எரியாது. கம்பியில் வேலை செய்பவருக்குக் கரண்ட் அடித்துவிடக் கூடாதென்று, லைன் போனதும், சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் தானாக நின்றுவிடும். கொளுத்தும் மத்தியான வெயிலிலும் கிணற்று மோட்டர் ஓடாது. வெங்காயத் தோட்டம் காயும்.

மற்றபடி நல்ல முறைதான். மிஞ்சுவதை மின்கம்பிக்கு அனுப்பிப் பில்லைக் குறைக்கலாம். ஆனால் பாவனை குறைந்த நாளில் அதுவும் சிக்கல்: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலர்களைப் பகலில் நிறுத்தும்படி மின்சார சபையே கேட்டது.

தீவுப்பகுதிக்கு வேறு வழி: ஊருக்கே பொதுவான பற்றறி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான இந்திய நன்கொடைத் திட்டத்தில் 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணி பற்றறி. டீசல் துணைக்கு மட்டும். பகல் வெயில் இரவுக்குச் சேமிப்பாகும், சோளகம் வீசும் மாதங்களில் காற்றும் கைகொடுக்கும்.

செலவு கூடத்தான். பராமரிக்க ஊரிலேயே பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். இருந்தும், மின் நிலையத்து எண்ணெய் கிணற்றுத் தண்ணீரில் கலந்ததைக் கண்ட சுன்னாகப் பக்கத்துக்கும் தோட்டக் கிராமங்களுக்கும் பொதுப் பற்றறியே என் தெரிவு. அது வரும்வரை, இப்போது சோலர் பூட்டுகிறவர்கள் பிறகு பற்றறி சேர்க்கக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டராகக் கேட்டு வாங்குங்கள்.