பயிற்சிக்கு ஒரு டுட்டு வாங்கினேன்: கம்பி இருக்கிறது, தையல்தான் இல்லை

பெட்டியைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. பாலே ஆடுபவர்கள் இடுப்பில் போடும் வலைத்துணிப் பாவாடைதான் டுட்டு. அதில் தட்டு மாதிரி விறைத்து நிற்கும் தட்டு டுட்டை விரித்தால் சின்ன மேசை அளவுக்கு வட்டமாக நிற்கும், அதனால் தட்டையான வட்டப் பையில் வைத்துத்தான் அதை எடுத்துப் போவார்கள், அனுப்புவார்கள். எனக்கு வந்ததோ போர்வை மடித்து வைக்கிற மாதிரி ஒரு சின்ன சதுரப் பெட்டி. திறந்தால், நினைத்தபடியே, பாவாடையை நிறுத்தும் கம்பி வளையத்தை முறுக்கி மடித்து அடைத்திருந்தார்கள். எடுத்து விரித்துவிட்டேன், வட்டம் வந்தது, ஆனால் ஓரிடத்தில் மட்டும் கம்பி மடங்கின தழும்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு மாதமாக அதை நீவிக்கொண்டிருக்கிறேன், போகவில்லை.

வாங்கியது மேடை உடை இல்லை, பயிற்சி டுட்டு. மேற்சட்டை கிடையாது. உடம்பை ஒட்டிய பயிற்சி உடையான லியோடார்டுக்கு மேல் மாட்டிக்கொள்ள இடுப்புப் பட்டை, கீழே ஜட்டி, அதில் அடுக்கடுக்காக வலைத்துணி, அவ்வளவுதான். ஒத்திகைக்கு இது எதற்கு, லியோடார்டோடு ஆடினால் போதாதா என்று கேட்பவர்கள் ஒரு தடவை இதை மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும், சொந்தக் காலே தெரியாது. ஜோடியாக ஆடும்போது கூட ஆடுபவர் பழைய தூரத்தில் நின்றால் பாவாடை அவர் வயிற்றில் இடித்து உங்கள் பக்கம் சாயும், கைகளை எங்கே எப்படிக் கொண்டுவருவது என்று அவரும் புதிதாகப் பழக வேண்டும். மேடை உடை கைக்கு வரும் நாளில் இதையெல்லாம் தொடங்கினால் அன்றைக்கே அழுகைதான்.

விற்பவர்களின் விளம்பர வாசகம் தனி வேடிக்கை. 'ரொமான்டிக் பாணித் தட்டு டுட்டு, பதினான்காம் லூயி காலத்துப் பாரம்பரியம்' என்று போட்டிருந்தார்கள். ஒரே வரியில் மூன்று நூற்றாண்டைக் குழப்ப இவர்களால்தான் முடியும். பிரான்ஸ் அரசர் லூயி 1653-இல் ஒரு பாலேயில் சூரியனாக வேடமிட்டு ஆடியது உண்மை, ஆனால் அப்போது இப்படி ஒரு பாவாடையே பிறக்கவில்லை. பாரிஸ் ஆப்பெராவில் தொழில்முறைப் பெண்கள் மேடையேறியதே 1681-இல்தான், அவர்களும் தரை தொடும் கனமான உடையில்தான் ஆடினார்கள். இதில் ஒரு தமாஷ், அந்தக் காலத்தில் இடுப்பிலிருந்து விறைப்பாக விரிந்து நின்ற குட்டைப் பாவாடை ஒன்று இருந்தது, அதைப் போட்டவர்கள் ஆண்கள்! தோன்லே என்பார்கள். அதைச் சொன்னார்கள் என்றால் சரி, லூயியை விட்டுவிடலாம்.

'ரொமான்டிக்' என்பது வேறு ஒரு பாவாடை. 1832-இல் லா சில்ஃபீட் பாலேயில் மாரி தாலியோனி போட்டது, வெள்ளையாக மணி போலத் தொங்கும், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் முடியும். தரையில் கால் பதியாத தேவதையைக் காட்ட வேண்டியிருந்தது, அதனால் துணி மிதக்க வேண்டும், கால் நுனியில் அவர் நிற்பதும் தெரிய வேண்டும். அதற்குச் சுமார் ஒரு நூற்றாண்டு முன்பே மாரி கமார்கோ என்ற நடனக்காரி, துள்ளி எழுந்து காற்றில் கால்களைக் குறுக்கே தட்டும் வித்தை யார் கண்ணிலும் படாமல் போகிறதே என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிவிட்டார். இந்தக் கதை முழுக்க இப்படித்தான், கால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும், பாவாடை வழி விடும். 1880-களில் இத்தாலிக்காரப் பெண்கள் பீட்டர்ஸ்பர்க் போய் வேகமான சுற்றுகளும் உயரத் தூக்கும் கால்களும் காட்டியபோது மணிப்பாவாடை தடையாகிவிட்டது. அவர்களில் ஒருவரான வர்ஜீனியா சுக்கி பாவாடையைக் குட்டையாக்கியே தீருவேன் என்று நின்றார். 1895-இல் ஸ்வான் லேக் பாலேயில் இன்னொரு இத்தாலிக்காரர் பியரினா லென்யானி ஒற்றைக் காலில் 32 சுற்று சுற்றினார். அந்தச் சுற்றை நீளப் பாவாடையில் போட்டுப் பாருங்கள், துணி காலில் சுற்றிக்கொள்ளும். அந்தப் பாவாடை குட்டையாகிக்கொண்டே போய், இருபதாம் நூற்றாண்டில் தட்டு மாதிரிப் படுத்துவிட்டது.

ஆக, பாவாடை தட்டையாக நிற்க வேண்டும். நான் வாங்கியது நிற்கிறதா? முதல் நாள் நின்றது. இரண்டாம் வாரம் பின்பக்கம் தொங்கியது, மூன்றாம் வாரம் சுற்றும்போது பாதி அடுக்கு மேலே போய் பாதி கீழே போய் நனைந்த கோழி மாதிரி ஆனேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று யாராவது சொல்வதற்குள் நானே என்மேல் சந்தேகப்பட்டு, அதைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்துப் போட்டு எண்ணிப் பார்த்தேன். பத்து அடுக்கு என்று விளம்பரம், எண்ணினால் எட்டு. ஜட்டி ஓரத்துச் சின்ன சுருக்குகளையும் சேர்த்துக்கொண்டு பத்து என்றிருக்கிறார்கள் போல. அதைக்கூட விட்டுவிடலாம், அடுக்குகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தும் தொளதொளத் தையல் ஒரு இடத்தில்கூட இல்லை. டுட்டைத் தாங்குவது கம்பி மட்டும் இல்லை. ஒவ்வொரு அடுக்கையும் அடுத்ததோடு நூலால் இங்கொன்றும் அங்கொன்றுமாக, இழுக்காமல், கொஞ்சம் தளர விட்டுப் பிணைப்பார்கள். அதுதான் எல்லா அடுக்கும் ஒரே உடம்பாக ஏறி இறங்க வைக்கிறது. முழுக்கக் கைவேலை, நேரத்தைத் தின்னும், வெளியே தெரியவும் தெரியாது, அதனால் முதலில் மிச்சம் பிடிப்பது இங்கேதான்.

கம்பியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நியூயார்க்கில் உடை வடிவமைப்பாளர் கரின்ஸ்கா 1950-இல் நடன அமைப்பாளர் பாலன்ஷினின் சிம்பொனி இன் சி பாலேக்காக வளையத்தையே எடுத்துவிட்டு, குட்டையான ஆறேழு அடுக்கு வலையைத் தளர்வாகப் பிணைத்து பவுடர் பஃப் மாதிரி ஒன்று செய்தார். அதன் கடைசிக் காட்சியில் ஐம்பது பேர் அளவில் மேடையில் நிற்பார்கள், கம்பி வளையத்தோடு அத்தனை பேரும் நெருங்கினால் ஒருவர் தட்டு இன்னொருவர் தட்டைத் தூக்கிவிடும். நானும் இதில் கம்பியை உருவிப் பார்த்தேன். தையல் இல்லாத எட்டு அடுக்கு அப்படியே பொத்தென்று விழுந்தது. திரும்பச் செருகிவிட்டேன்.

குறை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. வலைத்துணி நல்ல துணி, விறைப்பும் இருக்கிறது, தொடையை அறுக்கவும் இல்லை, உடம்பை ஒட்டிய அடுக்குகளுக்கு மெத்தென்ற வலையே போட்டிருக்கிறார்கள். இடுப்புப் பட்டையின் வெட்டும் நன்றாக இருக்கிறது, இடுப்பெலும்புக்கு மேல் ஒட்டி உட்காருகிறது, மூச்சு முட்டவில்லை. ஆனால் ஹூக்குக்கு ஒரே வரிசைதான்! இரண்டு மூன்று வரிசை வைத்தால்தானே உடம்பு கூடக் குறைய மாற்றிப் போட முடியும், ஒரே உடையை இன்னொருத்திக்கும் கொடுக்க முடியும். நாலு ரூபாய் ஹூக்கில் கஞ்சத்தனம் என்று சொல்லலாம் என்றால், ஹூக்கைத் தைக்கும் கைக்கூலியில் கஞ்சத்தனம் என்பதுதான் சரி.

இன்னொன்று எனக்கு உறுத்தியது. துணி எந்த வகை, நெருப்புப் பட்டால் என்ன ஆகும் என்று எந்தச் சீட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. எம்மா லிவ்ரி என்று ஒரு பெண், தாலியோனியின் மாணவி. 1862 நவம்பரில் பாரிஸ் ஆப்பெராவில் ஒத்திகையின்போது எரிவாயு விளக்கின் தீ பாவாடையில் பிடித்தது, எட்டு மாதம் கிடந்து அடுத்த ஜூலையில் இறந்தாள். தீப்பிடிக்காத மருந்தில் தோய்த்த துணி அப்போதே இருந்தது, ஆனால் அது விறைத்து நிறம் மங்கிவிடும் என்று அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த உடையில் எரியாமல் மிஞ்சிய துண்டுகளை ஆப்பெராவின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு மேடையில் எரிவாயு விளக்கு இல்லைதான், ஆனால் நைலான் வலை சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுபோகாதே என்றாவது ஒரு வரி போட்டிருக்கலாமே.

அடுக்குக் கணக்கையும் தையலையும் படம் எடுத்து விற்றவர்களுக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, மரியாதையான பதில்தான்: 'பயிற்சி டுட்டு இப்படித்தான் இருக்கும்'. மடங்கின கம்பிக்கு மட்டும் வேறு கம்பி அனுப்புகிறோம் என்றார்கள். அது இன்னும் வரவில்லை.

கடைசியில் ஒரு சனி, ஒரு ஞாயிறு, அடுத்த வாரம் மூன்று இரவு உட்கார்ந்து நானே அடுக்குகளைப் பிணைத்தேன். ஹூக்கும் இன்னொரு வரிசை வைத்தேன். தைத்துவிட்டு, வலை தொங்கிப் போகாமல் இருக்கத் தலைகீழாகக் கொடியில் மாட்டி வைத்தேன். இப்போது நிற்கிறது. சுற்றும்போது எல்லா அடுக்கும் ஒன்றாக எழுந்து, நான் நின்ற பிறகு ஒரு நொடி கழித்து அமர்கிறது, அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவு பாடு. தைக்கத் தெரிந்தவர்கள் இதை வலைத்துணிக்காகவும் இடுப்பு வெட்டுக்காகவும் வாங்கலாம், ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஊசி பிடிக்கத் தெரியாது என்றால் ஒன்றரை, அந்த அரையும் கம்பியை அனுப்புகிறோம் என்று சொன்னதற்காக.